ஃபண்டி வளைகுடாவின் சகதியும் நம்ம புத்தளம் உப்பளமும்

கனடாவின் கிழக்கோரம், நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா என்ற இரண்டு மாகாணங்களுக்கு நடுவே கிடக்கிறது ஃபண்டி வளைகுடா. அதன் உட்கோடியில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறது, சில இடங்களில் 16 மீட்டர் வரைக்கும். நம்ம கன்னியாகுமரி மாவட்டக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம்கூட வராது, அதனால் இந்தக் கணக்கு மனசில் ஏறவே நேரம் எடுக்கும். வளைகுடா உள்ளே போகப்போகக் குறுகி ஆழமும் குறைவது ஒரு காரணம். இன்னொன்று, உள்ளே போன தண்ணீர் மோதித் திரும்ப எடுக்கும் நேரமும் கடல் ஏறி இறங்கும் சுமார் பன்னிரண்டரை மணி நேரமும் கிட்டத்தட்ட ஒத்துப்போகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உந்தல் சேர்ந்துகொண்டே இருக்கும்.

என் சித்தி மகன் மாங்டன் நகரத்தில் வேலை பார்க்கிறான். கரைக்குப் போனவன் வீடியோ கால் போட்டு, "அக்கா, கடலைக் காணல்ல, வெறும் சகதிதான் கெடக்கு" என்றான். "மக்களே, அந்தச் சகதியத்தான் காட்டு, கேமராவத் திருப்பாத" என்றேன். எனக்கு வேண்டியது அதுதான்.

அந்தச் செம்பழுப்புச் சேற்றில் கொரோஃபியம் என்றொரு உயிர் வாழ்கிறது. இறால், கூனி எல்லாம் சேர்ந்த ஓட்டுயிர்க் கூட்டத்தைச் சேர்ந்தது, ஒரு சென்டிமீட்டர்கூட நீளம் வராது. வளைந்த குழாய் மாதிரி வளை தோண்டி உள்ளே இருந்துகொண்டு, சேற்றில் படிந்த நுண்பாசியைத் தின்கிறது. நல்ல இடமானால் ஒரு சதுர மீட்டரில் 10,000-க்கும் மேலே இருக்கும். தண்ணீர் வற்ற ஆரம்பித்ததும் ஆண்கள் இணை தேடி வளையை விட்டு வெளியே ஊர்ந்து வரும், அந்த நேரம் பார்த்துப் பறவைகள் இறங்கும்.

பறவையின் பெயர் செமிபால்மேட்டட் சாண்ட்பைப்பர். நம்ம உப்பளங்களுக்கு வரும் கொசு உள்ளானுக்கு நெருங்கிய பங்காளி, ஆளும் அதே அளவுதான், கைக்குள் அடங்கிவிடும். ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் லட்சக்கணக்கில் ஃபண்டிக்கு வந்து சேரும். வரும்போது 20 கிராம் எடை. இரண்டு வாரம் ஓயாமல் தின்று 40 கிராம் ஆகிவிடும், கூடியது பெரும்பாலும் கொழுப்பு. அப்புறம் அட்லாண்டிக் கடலுக்கு மேலே எங்கேயும் இறங்காமல் மூன்று நாளுக்கு மேல் பறந்து, சுமார் 4,000 கிலோமீட்டர் தாண்டி, தென் அமெரிக்காவின் வடகரையில் இறங்கும். நடுவில் இறங்கித் தின்ன ஒன்றும் கிடையாது. அத்தனை தூரத்துக்கும் எரிபொருள் அந்தச் சகதியில் தின்றதுதான்.

ஃபண்டியில் கடல் ஏறும்போது சேறு முழுக்க மூடிவிடுவதால் இந்தப் பறவைகள் கரையில் ஒடுங்கலான ஒரு கூழாங்கல் பட்டையில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஒரு வல்லூறு பாய்ந்தாலோ, ஒரு நாய் ஓடினாலோ மொத்தக் கூட்டமும் எழும்பும். ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் சேர்த்து வைத்த கொழுப்பு கரைகிறது. அங்கே பறவைகள் கூடும் மேரிஸ் பாயிண்ட் கரை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 1982-இலேயே சேர்ந்துவிட்டது. நம்ம சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல்தான் சேர்ந்தது.

 

அவர்களும் தப்பே செய்யாதவர்கள் இல்லை. மாங்டன் ஓரமாகவே ஓடும் பெட்டிகோடியாக் ஆற்றில் 1968-இல் குறுக்கே கரை கட்டி மேலே ரோடு போட்டார்கள். கடல்நீர் ஏறிப் போகும் வழி அடைந்தது, வண்டல் குவிந்து அகலமான ஆறு சுருங்கிப்போனது, மீன்கள் மேலேற முடியவில்லை. 2010-இல் மதகுகளைத் திறந்தார்கள். 2021-இல் அந்த இடத்தில் பாலமே வந்துவிட்டது, தண்ணீர் இப்போது அடியில் போய் வருகிறது. நாம் குளத்துக்குள் மண்ணடித்து ரோடு போடும்போது எனக்கு அந்த ஆற்று நினைப்புதான் வரும்.

அக்டோபர் தாண்டிப் புத்தளம் உப்பளத்துக்கோ பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பக்கமோ போய்ப் பாருங்கள். கொசு உள்ளான் சேற்றில் நாலு எட்டு ஓடும், கறுத்த அலகால் டக் டக்கென்று கொத்தும், மறுபடி ஓடும். தலையை நிமிர்த்துவதே அபூர்வம். சைபீரியாவின் வடகோடியில் பிறந்து இங்கே வந்து சேர்ந்த பறவை அது, மார்ச், ஏப்ரலில் திரும்பிப் போவதற்கான எடையையும் இந்த மாதிரிச் சேற்றில்தான் ஏற்ற வேண்டும். "சும்மா கிடக்கும் சகதி" என்று சொல்லி அங்கே கட்டட இடிபாடும் கோழிக்கடைக் கழிவும் கொண்டு தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ரீல்ஸ் எடுப்பதற்காகக் கூட்டத்தைக் கைதட்டி எழுப்பவும் வேண்டாம், தயவுசெய்து. வரப்பில் ஓரமாக உட்கார்ந்தாலே போதும், கொஞ்ச நேரத்தில் அதுவே பக்கத்தில் வந்து மேயும்.