சம்ப்பு மூடியும் ஒரு சென்சாரும்

தண்டையார்பேட்டை வீட்டில் சம்ப்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, அம்மா தினமும் விடியற்காலையில் மூடியைத் தூக்குவார். இடுப்பு வலி வேறு. சரி, நாமே ஒன்று செய்துவிடலாம் என்று எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், வைஃபை உள்ள குட்டி இ.எஸ்.பி. 8266 போர்டும், தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 சென்சாரும் வாங்கி வந்தேன்.

சென்சார் தண்ணீரை நோக்கி ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்ப எத்தனை மைக்ரோ நொடி ஆனதோ, அதை 0.0343ஆல் (ஒரு மைக்ரோ நொடியில் ஒலி போகும் சென்டிமீட்டர்) பெருக்கி, போக வர என்பதால் இரண்டால் வகுத்தால், தண்ணீர் வரை உள்ள தூரம் சென்டிமீட்டரில் வந்துவிடும். கணக்கு சுலபம். சிக்கல் வோல்ட்டில்தான். எதிரொலி வந்ததைச் சொல்லும் சென்சாரின் எக்கோ பின் (கால்) 5 வோல்ட் தள்ளும், இ.எஸ்.பி.யோ 3.3 வோல்ட் ஆசாமி. நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர் (மின்தடை) போட்டு வோல்ட்டை இறக்க வேண்டும். முதல் போர்டில் நான் போடவில்லை. அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மூன்றே வாரம். சம்ப்பின் ஈரமும் கடல் காற்றும் சேர்ந்து சென்சார் கால்களில் பச்சைக் களிம்பு பூத்துவிட்டது. அப்புறம் கார் பம்பரில் இருப்பது போன்ற, தண்ணீர் புகாத ஜே.எஸ்.என். வகைக்கு மாறினேன். அதற்குச் சுமார் 20 சென்டிமீட்டருக்குள் கண் தெரியாது. சம்ப்பு நிரம்பும் நேரத்தில் உளறும்.

அம்மா இப்போது போனில் எண்ணைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு மூடியையும் தூக்குகிறார்.