ரெண்டு படி கடலைக்காய்

2024 நவம்பர் 6

பத்தாம் வகுப்புக்குப் புள்ளியியல் பாடம் தொடங்கியாயிற்று. புத்தகத்தில் எட்டாவது, அதாவது கடைசி. அதனால் வருஷா வருஷம் ஓட்டமும் நடையுமாகத்தான் முடிக்கிறேன். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்வது திட்ட விலக்கம். அதைக் காண நேரடி முறை, சராசரி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என்று நாலு வழி இருக்கிறது. எந்த வழியில் போனாலும் விடை ஒன்றுதான். கையால் கூட்டிப் பெருக்கிய காலத்தில் அவை உழைப்பை மிச்சப்படுத்தின; இப்போது என் வகுப்பில் ஒரு வாரத்தைத் தின்கின்றன.

பிள்ளைகள் இரண்டு தசமம் வரை பிசகாமல் போடுகிறார்கள். "2.58-ன்னா என்ன சாமி அர்த்தம்?" என்று ஒருவனைக் கேட்டேன். "விடைங் சார்" என்றான்.

நவம்பர் 7

வியாழக்கிழமை, புளியம்பட்டி சந்தை. காய்ந்த கடலைக்காய் ரெண்டு படி வாங்கினேன். "விதைக்குங்ளா?" என்றார் கடைக்கார அம்மா. பள்ளிக்கூடத்துக்கு என்றதும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒரு கை கூடப் போட்டார்.

நவம்பர் 8

மேசைமேல் ஒரு படி கடலைக்காயைக் கொட்டி, "ஆளுக்கு அஞ்சு எடுங்க, உரிச்சுப் பருப்பை எண்ணி எழுதுங்க" என்றேன். 36 பேர், 180 காய் வரவேண்டும். எண்ணிக்கையில் 174-தான் வந்தது. ஆறு காய் வயிற்றுக்குள். விடுபட்ட தரவு என்றால் என்ன என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

காய்க்குச் சராசரி 2.1 பருப்பு. மூன்று பருப்புக் காய் ஏகப்பட்டது. உள்ளே பருப்பில்லாத பொக்கு ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் மேசையைப் பார்த்தேன். மிச்சம் கிடந்ததெல்லாம் ஒற்றைப் பருப்புக் காயும் சூம்பிப்போனதும்தான்! அத்தனை பேரும் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். நியாயம்தான், தின்னப்போவதும் அவர்கள்தானே.

கணக்கில் யாரும் தப்பு செய்யவில்லை. ஆனால் அந்த 2.1 இந்த ரெண்டு படிக்கு உரிய எண் அல்ல. இருபது வருஷமாகக் கரும்பலகையில் "கீழ்க்காணும் தரவு" என்று எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

நவம்பர் 10

அக்கா மகள் கோவையில் எம்.காம். படிக்கிறாள். ஆய்வேட்டுக்காக 120 பேரிடம் கூகுள் படிவம் நிரப்பி வாங்கிவிட்டாளாம். யார் அந்த 120 பேர்? "எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்தான் மாமா." தலைப்போ, கோவை மாவட்ட நுகர்வோர் பற்றியது. பி மதிப்பு 0.05-க்குக் கீழே வராவிட்டால் வழிகாட்டி கையெழுத்துப் போடமாட்டார் என்பதுதான் அவள் கவலை. அந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்டேன். "நம்ம கருதுகோள் 95 சதவீதம் சரின்னு" என்றாள்.

அப்படி இல்லை. உண்மையில் வித்தியாசம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ வித்தியாசம் தற்செயலாகத் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. ஒரு கருதுகோள் உண்மையாக இருக்கும் நிகழ்தகவை அது அளப்பதில்லை, ஒரு முடிவை அந்த ஒற்றை எல்லைக்கோட்டை மட்டும் வைத்து எடுக்கக்கூடாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் அறிக்கை விட்டது. சொன்னேன். "அதெல்லாம் வைவாவுல கேக்கமாட்டாங்க மாமா." பத்தாவதில் நான் செய்கிற தப்பு அங்கே மென்பொருளோடு நடக்கிறது, வேறென்ன.

நவம்பர் 11

கொட்டாமல் வைத்திருந்த இன்னொரு படியைச் சாக்கில் போட்டுக் குலுக்கினோம். கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டு எடுக்கலாம் என்றேன். "கையில பெருசுதானுங் சார் மொதல்ல தட்டுப்படுது" என்றாள் முதல் பெஞ்சுப் பெண். சரி என்று டம்ளரால் மொண்டோம். எண்ணி முடிக்கும்வரை தின்னத் தடை. 180 காய், 324 பருப்பு, சராசரி 1.8.

பொக்கு மட்டும் 11. சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. பொக்கைச் சுழியம் என்று சேர்ப்பதா, காயே இல்லை என்று தள்ளுவதா? தள்ளினால் சராசரி 1.92. "வாங்கறவனுக்குப் பொக்கும் எடைதானுங், சேர்க்கோணும்" என்றது ஒரு கட்சி. "விதைக்கறவங்க பொக்கை எண்ணமாட்டாங்க" என்றது இன்னொரு கட்சி. மணி அடித்தும் ஓயவில்லை. எதற்காக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது என்று மட்டும் சொன்னேன்.

ஒருவனுடைய அப்பா ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறார். "மூட்டை வாயில மட்டும் பார்த்தா நல்ல விரலியாத்தான் இருக்கும், அடியிலயும் கைவிடோணும்னு அப்பா சொல்லுமுங்" என்றான். அவனுக்கு மகலனோபிஸ் கதையைச் சொன்னேன். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர். வயலில் சின்னச் சின்னத் துண்டாக அளந்து அறுத்து விளைச்சலை மதிப்பிட்டபோது, துண்டு சிறுக்கச் சிறுக்க விளைச்சல் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. காரணம், ஓரத்தில் நிற்கிற செடியை அறுக்கிறவர்கள் உள்ளே சேர்த்துக்கொள்வதுதான். "நாமளும் அதேதானுங் பண்ணுனோம்" என்றான்.

நவம்பர் 18

அலகுத் தேர்வு. வினாத்தாள் பொதுவானது, நான் எடுத்ததல்ல. பத்து மாணவர்களின் மதிப்பெண் கொடுத்து, திட்ட விலக்கம் காண்க, 5 மதிப்பெண். மண்டியில் மூட்டை தூக்குகிறவர் மகன் வர்க்கம் எடுப்பதில் ஒரு இடத்தில் சறுக்கியிருந்தான். அடியில் பென்சிலால், "இந்தப் பத்துப் பேரைப் பொறுக்குனது யாருங் சார்?"

விடைக்குறிப்பில் அதற்கு இடமில்லை. 3 போட்டேன்.