பச்சைக் கோப்பை

"காதைப் பிடிச்சுத் தூக்கு மனே, கவனம்."

அம்மம்மா அரிசி அளக்கிற எனாமல் கோப்பை. விளிம்பில் பச்சை உரிந்து கறுப்புத் தெரிகிறது. மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில் நின்ற இந்திய அமைதிப் படைச் சிப்பாய் ஒருவர், முகாம் கலைத்த நாளில் கொடுத்துவிட்டுப் போனது.

"அவங்க வரக்குள்ள பயம். போகக்குள்ள அதவிடப் பயம்."

இலங்கையின் தெற்கில் அப்போது ஜேவிபி என்ற சிங்கள இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சி. 1987 ஒப்பந்தப்படி இந்தியப் படை வந்ததே அதற்கு எண்ணெய். 1989 ஜூனில் இலங்கை ஜனாதிபதி பிரேமதாச அந்தப் படையை வெளியேறச் சொன்னார். இந்தியாவில் பொஃபர்ஸ் பீரங்கி ஊழல் புயலில் ராஜீவ் காந்தி தேர்தலில் தோற்றார், வந்த வி.பி. சிங் மிச்சப் படையையும் திருப்பி அழைத்தார்.

1990 மார்ச்சில் கடைசிக் கப்பல். சென்னையில் வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை.

அந்தச் சிப்பாய்களில் 1,000 பேருக்கு மேல் உயிரோடு திரும்பவில்லை. அவர்கள் சுட்டுச் செத்த எங்கட சனமும் எத்தனையோ.

ஜூனில் புலிகளுக்கும் இலங்கை அரசுக்கும் மறுபடி சண்டை. எங்கட மட்டக்களப்பில்தான் தொடங்கியது.

கொழும்பிலும் டெல்லியிலும் ஆட்சி ஆட்டம் கண்டது. முடிவும் அங்கேயே எடுத்தார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்.

அம்மம்மா இரண்டு கோப்பை அளந்து உலையில் போட்டார். கோப்பையைத் துடைத்து அரிசிப் பானைக்குள்ளேயே வைத்தார்.