அரிசி ஆலையில் ஈஆர்பி: யார் நேரில் வர வேண்டும், எப்போது?

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்று ஈஆர்பி (கொள்முதல், கிடங்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) போட முடிவெடுத்தால், ஆடிட்டர் முதலில் சொல்லும் தேதி ஏப்ரல் 1. கணக்குக்கு அது சுத்தமான நாள்தான். ஆனால் பிசானம் என்ற நெல் பருவத்தின் அறுவடை பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. சோதனையும் பயிற்சியும் அதே மாதங்களில் விழும். நெல் லாரிகள் வரிசையில் நிற்கும்போது எடைமேடைக்காரரை உட்காரவைத்துப் பாடம் நடத்த முடியாது. நேரில் வந்த ஆலோசகருக்குத் தினக்கூலி மட்டும் ஓடும்.

ஜூலை 1 எவ்வளவோ மேல். பிசான நெல் வரத்து அடங்கியிருக்கும், அடுத்த பருவமான கார் அறுவடைக்கும் நாள் இருக்கும். ஜூன் 30 இருப்பை ஆரம்ப இருப்பாக ஏற்றி, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கணக்குகளை மாத மொத்தமாகப் பதிந்தால் போதும். பழைய பில் ஒவ்வொன்றையும் ஏற்றச் சொல்லாதீர்கள்.

ஆலைக்குள் நடமாட ஒருவர் வேண்டும்: அரவை தெரிந்த செயல்முறை ஆலோசகர். புரோகிராமர், பழைய தரவை மாற்றுபவர், ரிப்போர்ட் எழுதுபவர் ஆகியோர் சென்னையிலோ கோவையிலோ இருந்தபடியே செய்யலாம். கண்ணால் பார்த்தால்தான் புரியும் வேலை எது என்று பிரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எடைமேடையையே எடுத்துக்கொள்வோம். அதன் இண்டிகேட்டர், அதாவது எடை காட்டும் பெட்டி, சீரியல் கேபிள் வழியாக எடையைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். லாரி ஆடும்போது வரும் எண்ணையும் மென்பொருள் பிடித்துவிடும். நேரில் இருப்பவர் காலி மேடை, ஆடும் லாரி, நிலைத்து நின்ற லாரி ஆகிய மூன்று நிலைகளிலும் வரும் வரிகளை அப்படியே சேமித்துப் புரோகிராமருக்கு அனுப்ப வேண்டும். பாட் ரேட்டையும் (கேபிளில் தரவு வரும் வேகம்) குறித்துத் தர வேண்டும். யுஎஸ்பி கன்வெர்ட்டரை வேறு துளையில் மாற்றிச் செருகினால் போர்ட் எண் மாறி எடை வராமல் போகலாம். முதலில் செருகிய துளையின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது அரவை. ஆலையைப் பார்க்காதவர் பம்ப் தொழிற்சாலைக்குப் போடுவதுபோல் பல உள்ளீடு, ஒரே பொருள் என்று அமைத்துவிடுவார். இங்கே ஒரு நெல்லிலிருந்து அரிசி, நொய், தவிடு, உமி எல்லாம் வரும். அரசு அரவையில் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி என்பது கணக்கு. மீதியைப் பதிய இடமில்லாவிட்டால், தவிட்டை விற்றுப் பில் போட்டதும் முதல் மாதமே தவிட்டு இருப்பு மைனஸில் போகும்.

பொருள் பட்டியலைத் தொலைவில் இருப்பவரே சுத்தம் செய்யலாம், முடிவு மட்டும் ஆலையுடையது. அம்பை 16, ஏஎஸ்டி 16 இரண்டும் ஒரே ரகம், சேர்க்கலாம். ஆனால் 25 கிலோ பையையும் 26 கிலோ பையையும் சேர்க்கவே கூடாது. முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, அதற்கு மேல் இல்லை.

தொலைவில் இருப்பவருக்கு முதலாளியின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். தனி லாகின், சோதனைப் பிரதியில் வேலை, ஆலை அடங்கிய பிறகு நிஜத் தரவில் மாற்றம். டேட்டாபேஸுக்குள் நேரடியாகக் கைவைத்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்று காட்டும் திருத்தப் பதிவில் அது விழாமல் போகலாம். ஆலை கம்பெனியாகப் பதிவானது என்றால் 2023 ஏப்ரல் 1 முதல் அந்தப் பதிவு சட்டப்படி கட்டாயம்.

வெளியாட்கள் எத்தனை பேர் வந்தாலும் கொள்முதல், கிடங்கு, கணக்கு மூன்றிலும் உங்கள் ஆள் ஒருவர் தினம் அரை நாள் ஒதுக்கியாக வேண்டும். இதை மறுக்கும் ஆலையில் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

ஒப்பந்தத்தில் பலரும் தவறவிடும் இடம் ஒன்று. ஜூலையில் தாக்கலாவது ஜூன் கணக்கு, அதாவது பழைய மென்பொருளின் கணக்கு. மாதாமாதம் தாக்கல் செய்பவருக்குப் புதியதின் முதல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) தாக்கலுக்குக் கடைசி நாள் ஆகஸ்ட் 11, 3பி-க்கு (வரி கட்டும் மாதச் சுருக்கம்) ஆகஸ்ட் 20. நேரில் வருபவரை ஜூன் கடைசி வாரம் முதல் ஜூலை நடுவரை வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் 8 முதல் 11 வரை மறுபடியும் வரவழையுங்கள். கடைசித் தவணைப் பணத்தை ஆகஸ்ட் 20 தாண்டியே கொடுப்பதாக முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள்.