28 அங்குலக் கதவு

வாடகை வீடு தேடுகிறவர்கள் தண்ணீர் வருமா, கரண்ட் மீட்டர் தனியா என்று கேட்பார்கள். நான் எல்லா புரோக்கரிடமும் முதலில் கேட்டது பாத்ரூம் கதவின் அகலம். என் வீல்சேர் கைவளையத்தோடு சேர்த்து 25 அங்குலம். நான் விசாரித்த வீடுகளில் பெரும்பாலும் பாத்ரூம் கதவு இரண்டடி. நிலைக்கட்டை போனால் 22 அங்குலம் மிஞ்சும். "டேப் வச்சு அளந்து ஒரு வீடியோ அனுப்புங்கண்ணே" என்று சொன்னதுமே இரண்டு பேர் போனை வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் பொறுமையானவர். திருச்சியில் உறையூர், கருமண்டபம், பீமநகர் என்று நான்கு மாதம் அலைந்து, 22 வீடுகளின் கதவை எனக்காக அளந்தார்.

2013-இல் மாடியில் காயவைத்த வடாமை எடுக்கப் போனேன். கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கமாகக் கால் தவறி விழுந்தேன். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. அப்போது எனக்கு 24 வயது, பி.எட். முடித்திருந்தேன். தோளும் முழங்கையும் மணிக்கட்டும் வேலை செய்கின்றன, விரல்கள் செய்வதில்லை. மார்புக்குக் கீழே உணர்வு இல்லை. வேலூர் பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு மையத்தில் சில மாதம் இருந்தேன். மணிக்கட்டை மேலே தூக்கினால் மடங்கிய விரல்கள் தாமாகவே இறுகும், அந்தப் பிடியில் டம்ளரையும் பேனாவையும் பிடிக்கலாம் என்று அங்கேதான் கற்றேன். அந்த மையம் வரக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸும் 1954-இல் ஒரு விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். அவர் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஊருக்குப் போனதும் நானும் வேலைக்குப் போவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாதான் எல்லாம் செய்தார். அம்மாவுக்கு முடியாமல் போனபின் அப்பா ஆள் வைத்துப் பார்த்தார். 2018-க்குள் இருவரும் போய்விட்டார்கள். அண்ணன் வீடு முதல் மாடி, அண்ணி வேலைக்குப் போகிறவர். "யாரு பாத்துக்குவா?" என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசி என்னை ஒரு ஹோமில் சேர்த்தார்கள். அந்தப் பேச்சு நடந்தபோது நான் அதே அறையில்தான் இருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த ஹோமில் என்னை யாரும் அடிக்கவில்லை, நல்ல சோறு போட்டார்கள். ஆனால் இரவுப் பணிக்கு ஒரே ஆள், பெண்கள் நாங்கள் 14 பேர். பகல் ஆட்கள் கிளம்புவதற்குள் எல்லாரையும் கட்டிலில் போட்டாக வேண்டும். அதனால் மாலை 6.30-க்கு எனக்கு ராத்திரி. குளிக்கும் வரிசை விடிகாலை 4.30-க்குத் தொடங்கும், மார்கழியிலும் அப்படித்தான். நடுவில் பத்து மணி நேரம் மேலே சுற்றும் ஃபேன்தான் துணை. வயிறு கழிக்கச் செவ்வாயும் வெள்ளியும், அதையும் அட்டவணையில் எழுதி எல்லாரும் பார்க்கும் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கொரோனாவுக்காக 2020-இல் கேட்டைப் பூட்டினார்கள். ஊரில் சினிமா தியேட்டர் திறந்தபின்பும் எங்கள் கேட் திறக்கவில்லை. எனக்கு 31 வயது. ஒரு டீ எப்போது குடிப்பது என்று நான் முடிவு செய்து வருடக்கணக்காகிவிட்டது.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான வாட்சப் குழு ஒன்றில், 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5-ஆம் பிரிவை ஒருவர் பகிர்ந்தார். மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு, குறிப்பிட்ட ஒரு வகை இருப்பிடத்தில்தான் வாழவேண்டும் என்ற கட்டாயத்துக்கு அவர்கள் ஆளாகாதபடி அரசு முயற்சி செய்ய வேண்டும், அன்றாட வாழ்வுக்குத் தேவையான தனி உதவியாளர் உட்பட ஆதரவுச் சேவைகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அது. இந்தியா 2007-இலேயே ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு இன்னும் தெளிவு: எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். நம் சட்டத்தில் அந்த 'முயற்சி' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. முயன்றோம் என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்க முடியாது. ஆனாலும் அன்று ராத்திரி எனக்கு அந்த ஒரு பத்தி போதுமானதாக இருந்தது. போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன்.

அண்ணனிடம் சொன்னதும் பயந்தான். அவன் கெட்டவன் இல்லை. "ஒத்தையா எப்படிம்மா இருப்ப? தண்ணி எடுத்துக் குடிக்கவே ஆள் வேணுமே?" என்றான். அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார், போலியோவால் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரத்துக்குள் தூங்கியவர், அவரே 1962-இல் பெர்க்லியில் கல்லூரியில் சேர்ந்து, உதவியாளர்களை வைத்துப் படித்து, தன்னைப் போன்றவர்கள் தனித்து வாழ 1972-இல் ஒரு மையமே தொடங்கினார் என்று சொன்னேன். "அது அமெரிக்கா" என்றான். எனக்கு ஆள் வேண்டும், அதை நான் மறுக்கவே இல்லை. அந்த ஆள் எத்தனை மணிக்கு வருவது, என்னை எப்படித் தூக்குவது என்பதை நான் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டேன். இது அவனுக்குப் புரிய ஆறு மாதம் ஆனது.

முதலில் பணத்தை நேர் செய்தேன். எனக்கு வரும் பராமரிப்பு உதவித்தொகை அண்ணனோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. தனிக் கணக்கு கேட்டால் வங்கியில் "கார்டியனைக் கூட்டி வாங்க" என்றார்கள். என் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். பழைய கையெழுத்தும் புதிய கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை, கைநாட்டு வையுங்கள் என்றார்கள். மூன்றாவது முறை அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவை அச்செடுத்துக்கொண்டு போனேன். தன் பண விவகாரங்களைத் தானே நிர்வகிக்கும் உரிமையை அது தருகிறது. மணிக்கட்டைத் தூக்கி, விரலிடுக்கில் பேனாவைச் செருகி, மேலாளர் முன்னால் ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆறும் ஒன்றுபோல இருந்தன. பாஸ்புக் கிடைத்தது.

ஆதாரில் முகவரி மாற்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் மெதுவாக நடந்தன, பெரிய சிக்கல் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பராமரிப்புத் தொகை தவிர, உயர் ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்கு உதவியாளருக்காக மாதம் 1000 ரூபாய் தமிழக அரசு தருகிறது. பலருக்கு இது தெரியவே இல்லை. எனக்கும் குழுவில் ஒரு தம்பி சொல்லித்தான் தெரிந்தது. விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

கடைசியில் கிடைத்தது உறையூர்ப் பக்கம் ஒரு கீழ்வீடு. ஓனரம்மா மாடியில். பாத்ரூம் கதவு 28 அங்குலம். வீடியோவில் டேப்பின் அந்த எண்ணைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். ஆனால் வாசலில் இரண்டு படி, ஒவ்வொன்றும் 7 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது ரேம்ப் கணக்கு. 14 அங்குலத்துக்கு 14 அடி வேண்டும். வாசலிலிருந்து கேட் வரை இருப்பதோ ஆறடி. "ஆறடியிலயே இறக்கிடலாம்மா, புடிச்சுத் தள்ள ஆளிருந்தா போதாதா?" என்றார் கொத்தனார். பிடித்துத் தள்ள ஆளில்லாத நேரத்துக்குத்தான் ரேம்ப் என்றேன். ஒரு பலகையை அந்தச் சரிவில் சாய்த்துப் போட்டு, காலி வீல்சேரைக் கையால் மெல்ல விட்டுக் காட்டச் சொன்னேன். அது கேட்டில் போய் மோதியது. பிறகு அவரே யோசித்து, வீட்டின் முன்சுவரை ஒட்டி இடப்பக்கமாக 14 அடி இழுத்தார். வழுக்காமல் இருக்க ஈர சிமெண்டில் தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட்டார். பைக் நிறுத்த இடம் போகிறதே என்று ஓனரம்மா மறுத்தார். காலி செய்யும்போது என் செலவில் இடித்துத் தருகிறேன் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தபின் சம்மதித்தார். அட்வான்ஸ் 40,000, ரேம்ப்புக்கும் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கும் 37,000. அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அதற்குப் போனது. அம்மா இருந்திருந்தால் தானே கழற்றிக் கொடுத்திருப்பார். ஆடி போகட்டும் என்று காத்திருந்து, 2023 ஆவணியில் பால் காய்ச்சினேன்.

உதவிக்கு ஆள் கிடைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். ஏஜென்சி அனுப்பிய முதல் பெண் ஒன்பதாம் நாள் சொல்லாமல் நின்றுவிட்டார். அன்று பக்கத்து இஸ்திரிக் கடை அக்கா வந்து என்னை எழுப்பி உட்கார வைக்கும்போது மணி பதினொன்று. அந்த அக்காதான் தன் நாத்தனாரைச் சொன்னார். இப்போது காலையில் இரண்டரை மணி நேரம் அவர் வருகிறார், இரவு ஒரு மணி நேரம் வேறொருவர். ஒருவர் வராவிட்டால் மற்றவர் வருவார் என்பதற்காகவே இரண்டு பேர். மாதம் நாலு நாள் சம்பளத்தோடு லீவு. என் உடம்பைப் பிறர் கையில் கொடுக்கிறேன், அவர்கள் உடம்பு தேயாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் என் தோள் போகும், அவர் இடுப்பும் போகும். கட்டிலுக்கும் வீல்சேருக்கும் நடுவே பலகை போட்டு நகர்த்துவதை முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். "டீச்சர், நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்" என்பார். ஹோமில் நாலு வருடத்தில் ஒருவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

மாத வரவு செலவையும் சொல்லிவிடுகிறேன், தனியே வர நினைப்பவர்களுக்கு இதுதான் உண்மையில் தேவை. கணக்கு டியூஷன் நேரில் 11,200, ஆன்லைனில் 6,000, அரசு தருவது 2,000-மும் 1,000-மும். மொத்தம் 20,200. வாடகை 5,500, உதவியாளர்கள் இருவருக்கும் 8,500, சிறுநீர் டியூப், யூரின் பேக், கையுறை, மருந்து 2,200. மிச்சம் 4,000-த்தில் சாப்பாடு, கரண்ட், கேஸ். பிள்ளைகளுக்கு முழு ஆண்டு விடுமுறை வந்தால் திண்டாட்டம். உதவியாளருக்கு ஆகும் செலவில் எட்டில் ஒரு பங்குகூட அந்த 1000 ரூபாய் இல்லை. ஹோம்களுக்கு மானியம் தர முடிகிற அரசால், வீட்டில் இருப்பவருக்கு உதவியாளரின் முழுச் சம்பளத்தையும் தர முடியும். அதைக் கேட்டு நான் எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாளிலும் கொடுத்திருக்கிறேன்.

பயமே இல்லை என்று சொன்னால் பொய். 2024 பிப்ரவரியில் ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்குத் தலை வெடிப்பதுபோல வலித்தது. முகம் வியர்த்தது, கையெல்லாம் புல்லரித்தது. கழுத்தில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர் அடைத்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. போனிடம் குரலால் சொல்லி இஸ்திரி அக்காவை அழைத்தேன். மாற்றுச் சாவி அவர்களிடம் இருந்தது. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஓடிவந்தார்கள். கட்டிலுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்ததை அக்கா வீட்டுக்காரர் வாய்விட்டுப் படித்தார்: உட்கார வை. காலைத் தொங்கவிடு. டியூப் மடங்கியிருக்கிறதா பார். டியூப் என் தொடைக்கடியில் நசுங்கிக் கிடந்தது. அக்கா அதை நேராக்கியதும் பை நிறையத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் வலி இறங்கியது. அக்கா என் தலையைத் தன் வயிற்றில் சாய்த்துப் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் கூடப்பிறந்த அண்ணன் வந்தான். "நான் அப்பவே சொன்னேன்ல" என்றான். 2021-இல் ஹோமிலும் இதே வந்தது, தலைவலி மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்கள், டியூபைப் பார்க்க இரண்டு மணி நேரம் ஆனது என்று சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. நானும் அதுவரை சொன்னதில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்ததைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

ஹோமில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த பெண் போன மாதம் கூப்பிட்டாள். மாலை 6.45 இருக்கும், படுத்துக்கொண்டு மெல்லப் பேசினாள். தையல் தெரியும், உதவித்தொகை வருகிறது, என்னைப்போல வரமுடியுமா அக்கா என்றாள். முதலில் வீல்சேர் அகலத்தை அளந்து அனுப்பு என்றேன். 26 அங்குலம். நம் புரோக்கர் பீமநகரில் ஒரு கீழ்வீட்டைச் சொல்லியிருக்கிறார், ஒரே படியாம். வருகிற ஞாயிறு பார்க்கப் போகிறோம். டேப்பை நான் எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.