மேசைப் பலகையும் மரத்தூளும்: பட்டறை நாட்குறிப்பு

2026 ஜனவரி 3, சனி

மேசைக்காக ஒட்டி வைத்திருந்த தேக்குப் பலகைகளின் கிளாம்ப்புகளை இன்று கழற்றினேன். ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது. கசிந்து இறுகிய பசையை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, இரும்பு மட்டக்கோலைக் குறுக்கே நிறுத்தி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு இணைப்பில் வெளிச்சம் கசிந்தது. பக்கத்துப் பலகையைவிட ஒரு அட்டையின் தடிமன் அளவுக்கு அந்தப் பலகை ஏறி நிற்கிறது.

இந்த மேட்டை உப்புத்தாள் போட்டே இறக்கிவிடலாம் என்று பலர் நேராக சாண்டரை, அதாவது உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் மெஷினை, எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மட்டம் பிடிப்பது இழைப்புளியின் வேலை. சாண்டரின் அடியில் தாள் ஒட்டுகிற இடத்தில் இருப்பது மெத்தென்ற பேட். அது மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி, மரத்தில் இருக்கிற வடிவத்தையே பின்பற்றும். ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் அங்கே ஆழமில்லாத குழி விழும். கை தடவினால்கூட அது பிடிபடாது. பூச்சு போட்டபின் ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் நெளியும்போதுதான் தெரியும். அதோடு, மரத்தின் ஒவ்வொரு வளையத்திலும் இளகிய பகுதி ஒன்று, கெட்டியான பகுதி ஒன்று உண்டு. மெத்தான பேடில் நெடுநேரம் தேய்த்தால் இளகியது முதலில் கரைந்து, பலகை முழுக்க அலையலையாகிவிடும்.

இழைப்புளியின் அலகைத் தீட்டி, மர இழை ஓடும் ரேகைக்குச் சற்றுச் சாய்வாகத் தள்ளி மேட்டை இறக்கினேன். மட்டக்கோலுக்கு அடியில் இப்போது வெளிச்சம் இல்லை. தேய்ப்பு இனிமேல்தான்.

ஜனவரி 4, ஞாயிறு

80ஆம் நம்பர் தாளில் ஆரம்பம். நம்பர் குறைந்தால் மணல் பெரிது. பி80 தாளில் ஒரு மணல் சராசரியாக 200 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), பி120-ல் 125 மைக்ரான், பி180-ல் 80 மைக்ரானைச் சற்றுத் தாண்டும். ஒவ்வொரு தாளும் அதற்கு முன் போன தாள் விட்ட கீறலை அழித்துவிட்டுத் தன் கீறலை விட்டுச் செல்கிறது. அதனால்தான் 80-லிருந்து 180-க்குத் தாவினால் வேலை மிச்சமாவதில்லை. நுண்ணிய தாள் அந்தப் பெரிய கீறலின் மேல்விளிம்பை மட்டும் மழுக்கும், அடி அப்படியே கிடக்கும்.

மெஷினை நகர்த்தும் வேகத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். என் சாண்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்று ஆடுகிறது, அதாவது நொடிக்கு 200. நொடிக்கு 2.5 சென்டிமீட்டர் நகர்த்தினால், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் 0.125 மில்லிமீட்டர்தான் இடைவெளி. கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிடும். நொடிக்கு 10 சென்டிமீட்டர் இழுத்தால் இடைவெளி அரை மில்லிமீட்டர். சுழலும் தாள் விடுகிற சுருள் கீறல்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்துவிடும். கையின் எடை போதும், அழுத்தவே வேண்டாம். அழுத்தினால் பேட் சுழல்வது தடைபட்டு, ஆட்டம் மட்டும் மிஞ்சும்.

ஒரு துண்டுப் பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து ஒரு சோதனை செய்தேன். ஒரு பாதியை, தூசியை உறிஞ்சும் வேக்குவத்தின் ஹோஸை சாண்டரில் மாட்டித் தேய்த்தேன், மறுபாதியை ஹோஸைக் கழற்றிவிட்டு. தாள் ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். விளக்கைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திச் சாய்வாக வெளிச்சம் விட்டதும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஹோஸ் இல்லாத பாதியில் ஆங்காங்கே பன்றிவால் போலச் சுருண்ட ஆழமான கீறல்கள். வெளியேற வழியில்லாத தூள் தாளுக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கி, உருண்டையாகத் திரண்டு, மரத்தைத் தன்பாட்டுக்குக் கீறியிருக்கிறது. எடுத்துப் பார்த்தால் தாளிலும் பழுப்புப் பொட்டுகள் அடைத்திருந்தன. ஹோஸ் மாட்டிய பாதியின் தாள் இன்னும் வெட்டுகிற நிலையில் இருக்கிறது.

நான் இந்தக் குறிப்பை எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான். தூசியை உறிஞ்சுவதை நுரையீரலுக்கான தனி வேலையாகவும், துல்லியமாகத் தேய்ப்பதை மரத்துக்கான தனி வேலையாகவும் பிரித்துப் பேசுகிறோம். இரண்டும் ஒரே வேலை. தூள் போகாத இடத்தில் தாள் மரத்தைத் தொடுவதே இல்லை.

ஒரு விஷயம்: உறிஞ்சும் விசை கூடிப்போனாலும் கெடுதல். பேட் பலகையோடு ஒட்டிக்கொண்டு திணறும். வேக்குவத்தின் விசையைக் கொஞ்சம் குறைத்ததும் மெஷின் லேசாக மிதந்தது.

ஜனவரி 10, சனி

இன்று முழுக்கத் தூசியோடுதான்.

இழைப்புளிச் சுருளுக்குப் பயப்பட வேண்டியதில்லை, பெருக்கி அள்ளிவிடலாம். உப்புத்தாள் கிளப்பும் தூள் வேறு ரகம். கண்ணுக்குத் தெரிவது தரையில் விழுகிறது, தெரியாதது மூச்சில் போகிறது. 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் நெஞ்சு உயரத்திலிருந்து தரைக்கு வர சில நிமிடங்கள் ஆகும். 1 மைக்ரான் துகள் பல மணி நேரம் மிதக்கும். மெஷினை நிறுத்தின கையோடு முகக்கவசத்தைக் கழற்றுவது அதனால்தான் தவறு. மிதக்கிற தூள் அத்தனையும் அப்போதும் அங்கேதான் இருக்கிறது.

சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகைப் பொருளாக வகைப்படுத்திவிட்டது. மூக்கின் உட்பகுதியிலும் அதைச் சுற்றிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோய் அது. ஐரோப்பிய ஒன்றியம் கடின மரத்தூளுக்கு வைத்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். நாலு மீட்டருக்கு மூன்று மீட்டர், இரண்டரை மீட்டர் உயரம் உள்ள ஒரு அறையில் 30 கன மீட்டர் காற்று இருக்கும். அதாவது அந்த அறைக்கே மொத்தம் 60 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூடத் தேறாது. சாண்டரின் துணிப்பையை மட்டும் நம்பி ஒரு பலகை தேய்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

புற்றுநோய் ஒருபக்கம் இருக்க, ஒவ்வாமையும் உண்டு. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். ஈட்டி வகை மரங்களும் அப்படியே. மேற்கத்திய செந்தேவதாரு ஆஸ்துமாவையே வரவழைக்கும் என்பது நன்கு பதிவான விஷயம். மர இழைகளைப் பிசினோடு அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகையில் மரத்தூளோடு ஃபார்மால்டிஹைட் பிசினும் சேர்ந்து வரும்.

அதனால் வரிசையாகத் தடுக்கிறேன். முதலில், கிளம்பும் இடத்திலேயே பிடிப்பது: பேடின் துளைகளும் வட்டுத் தாளின் துளைகளும் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். வலைபோல முழுக்கத் துளையுள்ள வலைத்தாள் என்றால் அந்தக் கவலையே இல்லை, தூள் எங்கும் புகுந்து போகும். அடுத்தது வேக்குவம். அதில் ஹெப்பா வடிகட்டி கட்டாயம். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது அது. சாதாரண வடிகட்டி என்றால் பெரிய தூளை வைத்துக்கொண்டு, நுண்தூளைப் பின்பக்கமாக அறைக்கே ஊதித் தள்ளும். கடைசியில்தான் முகக்கவசம். என்95 போதும், ஆனால் மூக்கின் இருபக்கமும் இடைவெளி விடாமல் ஒட்டியிருக்க வேண்டும். தாடி இருந்தால் அந்த ஒட்டு நிற்காது.

இருட்டியபின் விளக்கை அணைத்துவிட்டு, பட்டறையின் நடுவே டார்ச்சைப் படுக்கை வாக்கில் அடித்துப் பார்த்தேன். ஒளிக்கற்றைக்குள் துகள்கள் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன, எண்ணிக்கை போன வாரத்தைவிட வெகுவாகக் குறைவு. காசு செலவில்லாத நல்ல சோதனை இது.

ஜனவரி 11, ஞாயிறு

வேக்குவத்துக்கு முன்னால் சைக்ளோன் வாளி ஒன்றை இணைத்தேன். காற்று உள்ளே சுழலும்போது கனமான தூள் ஓரத்தில் மோதி வாளிக்குள் விழுந்துவிடும், வடிகட்டிக்குப் போவது மிச்சம் மட்டும். வடிகட்டி அடைத்தால் உறிஞ்சும் விசை இறங்கும், விசை இறங்கினால் பலகையில் சுருள் விழும். காதுக்கே தெரிகிறது, மோட்டாரின் சத்தம் கிறீச்சென்று ஏறினால் காற்று போகவில்லை என்று அர்த்தம்.

ஜனவரி 17, சனி

120, பிறகு 180. ஒவ்வொரு தாளுக்கும் முன் பலகை முழுக்கப் பென்சிலால் லேசாக வளைகோடு போட்டேன். அக்கா மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா வழவழன்னு தேச்சுட்டு ஏன் மாமா மறுபடி கிறுக்குறீங்க?"

"கோடு எங்க மிச்சம் இருக்கோ அங்க தாள் படலைன்னு அர்த்தம்டா. எல்லாக் கோடும் ஒண்ணா அழியணும்."

அவனுக்கும் ஒரு முகக்கவசம் மாட்டி, மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு, பென்சிலைக் கையில் கொடுத்தேன். இணைப்பை ஒட்டிய ஒரு விரற்கடை அகலத்தில் கோடு அழியாமல் நின்றதை முதலில் பார்த்தது அவன்தான். அங்கே மட்டும் அழுத்தித் தேய்க்காமல், சுற்றிலும் அகலமாக எடுத்து மெதுவாகக் கலந்துவிட்டேன்.

ஓரங்களில் மெஷினை நிறுத்திவிட்டுக் கையால்தான். பேடின் பாதி வெளியே தொங்கினால் மிச்சப் பாதி சாய்ந்து விளிம்பை உருட்டிவிடும். பேடில் கால்வாசிக்கு மேல் பலகையைத் தாண்ட விடுவதில்லை. தக்கைக் கட்டையில் தாளைச் சுற்றி, ரேகையின் போக்கிலேயே தேய்த்தேன். பலகையின் வெட்டுமுகத்தை 220 வரை கொண்டுபோனேன், ஏனென்றால் அங்கே மரத்தின் குழாய்கள் திறந்து கிடக்கின்றன. நுண்ணிய தாளில் முடிக்காவிட்டால் அந்த முகம் மற்ற இடத்தைவிட நிறைய எண்ணெய் குடித்துக் கறுத்துப்போகும்.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் பலகையை வேக்குவம் பிரஷ்ஷால் துடைத்தேன். காற்றழுத்தக் குழலால் ஊதுவது என் பட்டறையில் கிடையாது, நேற்று பிடித்த தூளை இன்று திரும்பக் கிளப்புகிற வேலை அது. பிறகு டர்பன்டைனில் நனைத்த துணியால் ஒரு முறை துடைத்தேன். ஈரம் காய்வதற்குள் மிச்சக் கீறல் எதுவானாலும் பல்லிளிக்கும். தண்ணீர்போல இது இழைகளை எழுப்பிவிடுவதும் இல்லை. ஒரு மூலையில் குறுக்குக் கீறல் ஒன்று தெரிந்தது, அது 120-இன் கீறல். அங்கே 120-இலிருந்தே திரும்ப ஆரம்பித்து முடித்தேன்.

மாலையில் ஆளி விதை எண்ணெய் முதல் பூச்சு. துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாமல் வெளியே கொடியில் விரித்துவிட்டேன். இந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கும், சுருட்டின துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். பக்கத்தில் தூள் மூட்டை இருந்தால் கேட்கவே வேண்டாம். வாளியில் சேர்ந்த தூளையும் மூடியுள்ள தகரத் தொட்டியில் கொட்டி வெளியே வைத்தாயிற்று.

இரண்டாவது பூச்சு நாளை இரவு. நடுவில் 320ஆம் நம்பர் தாளால் கையாலேயே ஒரு தடவு. அதுவரை சாண்டரையோ ரம்பத்தையோ பட்டறையில் ஓட்டப் போவதில்லை. ஈரப் பூச்சில் தூள் ஒட்டினால் எடுக்க முடியாது.