காட்டுக்கு வாய் கட்டியது யார்?

ஜோசப் கான்ராடின் 'இருளின் இதயம்' (1899) வாசிப்பவர்கள் ஒரு பென்சிலை வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றையும் காட்டையும் விவரிக்கும் பத்திகளில் பெயரடைகளை மட்டும் வட்டமிடுங்கள். புரிபடாத, சொல்லவொண்ணாத, மர்மமான... இதே வகைச் சொற்கள் திரும்பத் திரும்ப வரும். மரத்தின் பெயர், பயிரின் பெயர், ஊரின் பெயர் தேடினால் கிடைப்பது சொற்பம். கதை நடப்பது ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றில்; ஆனால் 'காங்கோ' என்ற சொல்லே நாவலில் இல்லை.

அடுத்து, யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஆப்பிரிக்கர்கள் வாய்திறந்து பேசும் ஆங்கிலம் இரண்டே இடங்களில், அதுவும் உடைந்த வாக்கியங்களாக. மற்ற இடங்களில் கூச்சல், உருளும் கண்கள், கை, கால். முழு ஆள் வருவது அபூர்வம்.

வேடிக்கை என்னவென்றால், 1890இல் காங்கோவின் மட்டாடியிலிருந்து கின்ஷாசா நோக்கி நடந்தபோது கான்ராட் எழுதிய நாட்குறிப்பில் ஊர்ப் பெயர்களும் சந்தைகளும் இருக்கின்றன! ஆற்றின் நடுப்பகுதியிலோ பொபாங்கி வணிகர்கள் தோணிகளில் தந்தமும் மரவள்ளியும் ஏற்றி வியாபாரம் செய்துவந்தார்கள். நாவலில் அதே ஆறு, உலகம் தோன்றிய காலத்துக்குப் போகும் வழியாகிவிடுகிறது. நிலத்தைக் காலத்தில் பின்னுக்குத் தள்ளினால் அங்குள்ள மனிதனும் கூடவே பின்னுக்குப் போய்விடுவான். சூட்சுமம் அங்கேதான்.

காங்கோவைத் தன் சொந்த உடைமையாக வைத்திருந்த பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் தந்தக் கொள்ளையை நாவல் சாடுகிறதே என்பார்கள். சாடுகிறது, உண்மை. ஆனால் 1975இல் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக உரையில் கேட்டது வேறு: ஓர் ஐரோப்பியனின் மனச்சிதைவைக் காட்ட ஒரு கண்டமே வெறும் திரைச்சீலையாக வேண்டுமா?